சிஎம்எல் ரிப்போர்ட்டை வாசிப்பது எப்படி? பிசிஆர்-ஏபிஎல் எண், படிப்படியாக

சிஎம்எல் (ஒரு வகை ரத்தப் புற்றுநோய்) என்று உறுதியாகி, இமாட்டினிப் மாத்திரையும் ஆரம்பித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிசிஆர்-ஏபிஎல் (இந்த நோயை உண்டாக்கும் மரபணு ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கும்) டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்களா? இந்தப் பதிவு உங்களுக்கும், உங்கள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூட வருபவருக்கும். பிலடெல்பியா குரோமோசோம் என்றால் என்ன, மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பதையெல்லாம் டாக்டர் சொல்லியிருப்பார். அதற்குள் நான் போகவில்லை. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எந்த வரியைப் பார்ப்பது, எதைக் கண்டு பதறக் கூடாது, எதை விட்டுவிடக் கூடாது என்பது மட்டும்தான் இங்கே.

அம்மாவின் ஃபைலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஓபியில் எங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். "நல்லா இருக்கு, அதையே தொடருங்க" என்பார் டாக்டர். எந்த எண்ணைப் பார்த்து நல்லா இருக்கு என்கிறார் என்று தெரிந்தால்தான் அம்மாவுக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். அதற்காக உட்கார்ந்து படித்துத் தெளிந்ததை எழுதுகிறேன். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மாற்றுவதும் டாக்டரின் முடிவு. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக ஒரு மாத்திரையைக்கூட நிறுத்த வேண்டாம்.

படி 1: காகிதங்களைப் பிரியுங்கள்

சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) ஒரு பக்கம், கல்லீரல், சிறுநீரக டெஸ்ட்டுகள் ஒரு பக்கம், பிசிஆர்-ஏபிஎல் தனியாக ஒரு பக்கம். ஒவ்வொன்றின் மேலும் ரத்தம் எடுத்த தேதியைப் பேனாவால் எழுதுங்கள். ரிப்போர்ட் அச்சான தேதி வேண்டாம். பிசிஆர்-ஏபிஎல் வருவதற்கு ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகும். நோய் உறுதியான நாளில் எடுத்த முதல் ரிப்போர்ட்டை ஃபைலின் முதல் தாளாக வையுங்கள். அது பிறகு வேண்டியிருக்கும்.

படி 2: சிபிசி

முதலில் அலகு. ஒரு லேப் வெள்ளை அணு 5,400 என்று போடும், இன்னொன்று 5.4 என்று போடும். பின்னதை ஆயிரத்தால் பெருக்கினால் இரண்டும் ஒன்றுதான். பிளேட்லெட் 2.1 என்றிருந்தால் லட்சக் கணக்கு, 210 என்றிருந்தால் ஆயிரக் கணக்கு. லேப் மாறும்போது அம்மாவுக்கு பிளேட்லெட் திடீரென்று விழுந்துவிட்டது என்று அலறுபவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் அலறுகிறார்கள்.

அடுத்து நியூட்ரோஃபில் (கிருமிகளோடு சண்டை போடும் ஒரு வகை வெள்ளை அணு). சதவீதத்தைப் பார்க்காதீர்கள்; எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள். வெள்ளை அணு 3,200, நியூட்ரோஃபில் 45% என்றால் 3,200 × 45 ÷ 100 = 1,440. இந்த எண் 1,000-க்குக் கீழே போனாலோ, பிளேட்லெட் 50,000-க்குக் கீழே போனாலோ, இமாட்டினிப்பைக் கொஞ்ச நாள் நிறுத்திவைப்பது வழக்கம். நியூட்ரோஃபில் 1,500-ஐயும் பிளேட்லெட் 75,000-ஐயும் எட்டியதும் மறுபடி தொடங்குவார்கள். அதற்கு மேலே இருக்கும்போது பக்கத்தில் குறைவு என்று தடித்த எழுத்தில் குறி போட்டிருந்தால், டாக்டரிடம் காட்டுங்கள், ஆனால் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஹீமோகுளோபின் சற்றுக் குறைந்தே நிற்பதும் சகஜம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாத்திரை ஆரம்பித்த முதல் சில மாதங்களிலேயே சிபிசி நார்மலாகிவிடும். அது நோய் போய்விட்டதற்கு அடையாளம் அல்ல. சிபிசி முழுக்க நார்மலாக இருக்கும் அதே நாளில் பிசிஆர்-ஏபிஎல் 5% இருக்கலாம். செலவை நினைத்து "அதான் நார்மலா இருக்கே" என்று பிசிஆர்-ஏபிஎல் டெஸ்ட்டைத் தள்ளிப்போடும் வீடுகளைப் பார்க்கிறேன். மனது பதைக்கிறது. தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

படி 3: பிசிஆர்-ஏபிஎல் ரிப்போர்ட்டில் எண்ணைப் பார்க்கும் முன் நான்கு விஷயங்கள்

குவான்டிடேட்டிவ் (அளவைச் சொல்லும்) டெஸ்ட்டா? இருக்கிறது, இல்லை என்று மட்டும் சொல்லும் குவாலிடேட்டிவ் டெஸ்ட், சிகிச்சையைத் தொடர்ந்து கண்காணிக்கப் போதாது. இரண்டின் பெயரும் ஒரே மாதிரி இருப்பதால் லேப் கவுன்டரில் வாய் திறந்து கேளுங்கள்.

ஐஎஸ் என்று போட்டிருக்கிறதா? இன்டர்நேஷனல் ஸ்கேல், அதாவது சர்வதேச அளவுகோல். இது இல்லாத எண்ணை வேறு லேப் எண்ணோடு ஒப்பிட முடியாது.

பிசிஆர்-ஏபிஎல்லில் எந்த வகை? பெரும்பாலோருக்கு பி210. மிகச் சிலருக்கு பி190 அல்லது பி230. ஐஎஸ் அளவுகோல் பி210-க்கு மட்டும்தான். முதல் ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்தச் சொன்னது இதற்குத்தான். பி190 உள்ளவருக்கு பி210 டெஸ்ட் எடுத்தால் ஒன்றுமே இல்லை என்று வந்துவிடும்.

ஏபிஎல் (ஒப்பீட்டுக்காக எண்ணும் இயல்பான மரபணு) காப்பி எண்ணிக்கை எவ்வளவு? இதை அடுத்த படியில் விரிவாகப் பார்ப்போம். சில லேப்கள் ஏபிஎல்லுக்குப் பதிலாக ஜியுஎஸ் என்ற மரபணுவை ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும். அதற்கு எல்லைகள் வேறு.

காசநோய்க்குப் பயன்படும் அதே ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரத்திலும் இப்போது இந்த டெஸ்ட் செய்கிறார்கள். ரிப்போர்ட்டின் தோற்றம் வேறாக இருக்கும்; ஐஎஸ் சதவீதம் அதிலும் இருக்கும்.

படி 4: அந்த எண்

எனக்கு மிக அதிக நேரம் பிடித்த இடம் இது. நிதானமாகப் போவோம்.

ஐஎஸ் அளவுகோலில் 100% என்பது உங்களுடைய ஆரம்ப அளவு அல்ல. இமாட்டினிப்பை முதலில் பெரிய அளவில் சோதித்த ஐரிஸ் ஆய்வில், சிகிச்சை தொடங்காத 30 பேரின் ரத்தத்திலிருந்து நிர்ணயித்த பொது அளவு அது. உங்கள் முதல் ரிப்போர்ட் 60% ஆக இருக்கலாம், 100-ஐத் தாண்டியும் இருக்கலாம். அதை வைத்து நோய் கூடுதலா குறைவா என்று முடிவு கட்ட வேண்டாம். 10%-க்கு மேல் இந்த டெஸ்ட்டின் துல்லியமும் குறைவு.

இனி கீழே இறங்குவது. ஒரு லாக் என்றால் பத்தில் ஒன்றாகக் குறைவது. பள்ளியில் படித்த அதே மடக்கைதான். 100-லிருந்து 10% ஒரு லாக். 1% இரண்டு லாக். 0.1% மூன்று லாக். எம்எம்ஆர் (மேஜர் மாலிக்யூலர் ரெஸ்பான்ஸ்) என்று டாக்டர்கள் சொல்லும் முக்கிய மைல்கல் இதுதான். இதற்குக் கீழே எம்ஆர் என்பதோடு எத்தனை லாக் என்ற எண்ணைச் சேர்த்துச் சொல்வார்கள். 0.01% எம்ஆர்4. 0.0032% எம்ஆர்4.5.

ஒரு மாதிரி ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்ப்போம்:

பிசிஆர்-ஏபிஎல் காப்பி: 12
ஏபிஎல் காப்பி: 48,000
விகிதம்: 0.025%
மாற்றுக் காரணி: 0.8
ஐஎஸ்: 0.02%

12-ஐ 48,000-ஆல் வகுத்தால் 0.00025. நூறால் பெருக்கினால் 0.025%. அந்த லேப்பின் மாற்றுக் காரணி 0.8-ஆல் பெருக்கினால் 0.02%. மாற்றுக் காரணி லேப்புக்கு லேப் வேறுபடும். நமக்கு வேண்டியது கடைசி வரி மட்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. அம்மா டெஸ்ட் எடுத்த ஒரு லேப், நூறால் பெருக்காமல் வெறும் விகிதத்தையே அச்சடித்துக் கொடுத்தது. 0.001 என்று வந்த எண்ணின் உண்மையான பொருள் 0.1%. சதவீதக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் லேப்புக்கு போன் செய்து கேட்டு, ரிப்போர்ட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது "கண்டறியப்படவில்லை" என்ற வரி. எல்லா வீட்டிலும் இனிப்பு வாங்கும் நாள் அது. வாங்குங்கள், ஆனால் அதற்கு முன் ஏபிஎல் காப்பியைப் பாருங்கள். ஒரு வாளி இறைத்துவிட்டுக் கிணற்றில் மீன் இல்லை என்பதும், கிணற்றையே இறைத்துவிட்டு மீன் இல்லை என்பதும் ஒன்றல்ல. எத்தனை வாளி இறைத்தார்கள் என்பதைச் சொல்வதுதான் ஏபிஎல் காப்பி. குறைந்தது 10,000 இருந்தால் "கண்டறியப்படவில்லை" என்பதை எம்ஆர்4 என்று எடுத்துக்கொள்ளலாம். 32,000 இருந்தால் எம்ஆர்4.5. ஒரு லட்சம் இருந்தால் எம்ஆர்5. 8,200 என்று இருந்தால்? அந்த ரிப்போர்ட்டை வைத்து எம்ஆர்4 என்று சொல்லவே முடியாது. நல்ல செய்தியாக இருக்கலாம், ஆனால் அது இன்னும் உறுதியாகவில்லை.

படி 5: காலத்தோடு பொருத்துங்கள்

மாத்திரை தொடங்கி 3 மாதத்தில் 10% அல்லது அதற்குக் கீழ், 6 மாதத்தில் 1% அல்லது அதற்குக் கீழ், 12 மாதத்தில் 0.1% அல்லது அதற்குக் கீழ். ஐரோப்பிய வல்லுநர் குழுவின் 2020 வழிகாட்டுதல் இதைத்தான் சிறந்த பலன் என்கிறது. ஒரு வருடத்தில் 0.1-க்கும் 1-க்கும் இடையே நின்றால் எச்சரிக்கை: இன்னும் நெருக்கமாகக் கவனிக்க வேண்டும். 1-க்கு மேல் நின்றால் மருந்தை மாற்றுவது பற்றி டாக்டர் பேசுவார். 3 மாதத்தில் 10-ஐ லேசாகத் தாண்டியிருந்தால், அந்த ஒரே ரிப்போர்ட்டை வைத்து யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை. ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்.

படி 6: கிராஃப் போடுங்கள்

கூகுள் ஷீட்ஸ் போதும். முதல் பத்தியில் தேதி, அடுத்ததில் ஐஎஸ் சதவீதம், அதற்கடுத்ததில் ஏபிஎல் காப்பி, பிறகு லேப்பின் பெயர். முதல் இரண்டு பத்திகளைத் தேர்ந்தெடுத்து லைன் சார்ட் போட்டு, கஸ்டமைஸ் பகுதியில் வெர்ட்டிகல் ஆக்சிஸைத் திறந்து, லாக் ஸ்கேல் என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். இந்த டிக் இல்லாவிட்டால் கிராஃபால் பயனில்லை: 60-லிருந்து விழும் கோடு, 1-க்குக் கீழே வந்ததும் தரையோடு ஒட்டிவிடும், 0.1-க்கும் 0.01-க்கும் வித்தியாசமே தெரியாது. ரிப்போர்ட் சேமிக்கும் மொபைல் ஆப்கள் சில இப்படித்தான் வரைகின்றன. அதனால் நான் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. லாக் ஸ்கேலில் பூஜ்யத்தைக் குறிக்க முடியாது. "கண்டறியப்படவில்லை" என்று வந்தால், ஏபிஎல் காப்பிக்கு ஏற்ப 0.01 அல்லது 0.0032 என்று போட்டு, பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள்.

கம்ப்யூட்டர் வேண்டாம் என்பவர்களுக்கு செமி-லாக் கிராஃப் தாள் உண்டு. இன்ஜினியரிங் காலேஜ் பக்கத்து ஸ்டேஷனரி கடைகளில் கேளுங்கள். உண்மையில் எனக்குப் பிடித்தது இதுதான். அம்மாவே பென்சிலால் புள்ளி வைக்கிறார். டாக்டரும் ஒரு பார்வையில் பார்த்துவிடுகிறார்.

படி 7: எண் ஏறினால்

0.02 போன தடவை, 0.05 இந்தத் தடவை. இரண்டரை மடங்கு ஏறிவிட்டதே என்று தோன்றும். இவ்வளவு கீழே வந்தபிறகு இயந்திரம் எண்ணுவதே பத்து இருபது காப்பிகளைத்தான். ஒரே ரத்தத்தை இரண்டு முறை ஓட்டினாலும் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம் வரலாம். இரண்டுமே 0.1-க்குக் கீழே, அதே லேப், ஏபிஎல் காப்பியும் போதுமான அளவு என்றால், புள்ளியை வைத்துவிட்டு அடுத்த டெஸ்ட்டுக்குக் காத்திருக்கலாம்.

0.1-ஐத் தாண்டினாலோ, அடுத்தடுத்த டெஸ்ட்டுகளில் விடாமல் ஏறினாலோ டாக்டரைச் சீக்கிரம் பாருங்கள். போகும் முன் இவற்றுக்குப் பதில் தயாராக இருக்கட்டும்: மாத்திரை எத்தனை நாள் விட்டுப்போனது? மாதத்தில் மூன்று நாளுக்கு மேல் விட்டாலே பலன் குறைகிறது. வேறு மருந்து ஏதாவது சேர்ந்ததா? காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான ஃபெனிடாயினும் இமாட்டினிப்பின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். இமாட்டினிப்புக்குப் பதிலாக டாசாடினிப் சாப்பிடுபவர்கள், கேஸ் மாத்திரை என்று காலையில் போடும் பான்டோபிரசோலையும் சொல்லியாக வேண்டும். அது டாசாடினிப் உடலில் சேர்வதைத் தடுக்கும். நாட்டு மருந்து எடுத்தால் அதையும் மறைக்காதீர்கள். டாக்டர் திட்டுவார் என்று மறைத்தால், தவறான காரணத்துக்காக மருந்தே மாறிப்போகும்.

இதெல்லாம் இல்லாமலும் ஏறினால் மியூடேஷன் டெஸ்ட் (மருந்துக்கு அடங்காத மரபணு மாற்றம் வந்திருக்கிறதா என்று பார்ப்பது) எழுதுவார்கள். அதில் டி315ஐ என்று வந்தால் இமாட்டினிப், டாசாடினிப், நிலோடினிப் மூன்றும் பிடிக்காது; பொனாடினிப், அசிமினிப் ஆகியவை அதற்கு வேலை செய்யும்.

பின்னர் சேர்த்தவை

சிஎல்எல் (லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணுவில் வரும் இன்னொரு ரத்தப் புற்றுநோய்) உள்ள அப்பாவுக்கு இதே கணக்கு பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பொருந்தாது. அது வேறு நோய். அதில் பிசிஆர்-ஏபிஎல் பார்ப்பதில்லை. லிம்ஃபோசைட் எண்ணிக்கை அதிகம் என்பதற்காக மட்டும் சிகிச்சை தொடங்குவதில்லை. அது இரட்டிப்பாக எவ்வளவு காலம் ஆகிறது, ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் விழுகின்றனவா, கட்டிகள் பெரிதாகின்றனவா என்று பார்ப்பார்கள். சிஎல்எல்லுக்கான இப்ரூட்டினிப் மருந்தை ஆரம்பித்த புதிதில் லிம்ஃபோசைட் ஏறுவது மருந்து வேலை செய்யும்போதே நடப்பது, பயப்பட வேண்டாம்.

"கண்டறியப்படவில்லை" என்று வந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா என்று பலர் கேட்கிறீர்கள். ஒரு ரிப்போர்ட்டை வைத்து நிறுத்தவே கூடாது. பிரான்சில் நடந்த ஸ்டிம் ஆய்வில், இரண்டு வருடத்துக்கு மேல் ஒன்றும் கண்டறியப்படாமல் இருந்த 100 பேர் இமாட்டினிப்பை நிறுத்தினார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்பத் தலைகாட்டியது, பெரும்பாலும் முதல் ஆறேழு மாதத்துக்குள். மறுபடி மாத்திரை தொடங்கியதும் அடங்கியது. முதல் ஆறு மாதம் மாதாமாதம் டெஸ்ட் எடுக்க வசதி இருந்து, டாக்டரும் சரி என்றால் மட்டுமே இதைப் பற்றி யோசிக்கலாம்.

ஏபிஎல் காப்பி ஒவ்வொரு முறையும் குறைவாகவே வருகிறது என்று எழுதிய அக்காவுக்கு: சாம்பிள் பயணத்தைப் பாருங்கள். இந்த டெஸ்ட் எண்ணுவது ரத்தத்தில் உள்ள ஆர்என்ஏவை; அது சீக்கிரம் சிதையும். ஊரில் எடுத்த ரத்தத்தை வேறு நகரத்துக்கு அனுப்பித்தான் பல லேப்கள் டெஸ்ட் செய்கின்றன. சனிக்கிழமை மாலையில் கொடுத்தால் திங்கட்கிழமை வரை அது எங்கேயாவது கிடக்கும். திங்கள் முதல் புதன்வரை காலையில் கொடுங்கள். அடுத்த நாள் பண்டிகை விடுமுறையா என்றும் பாருங்கள். எங்கே அனுப்புகிறீர்கள், எப்போது போய்ச் சேரும் என்று கேளுங்கள். அப்படியும் குறைவாக வந்தால், புது சாம்பிள் எடுத்து மறுபடி ஓட்டித் தரும்படி லேப்பிடம் கேட்கலாம்.