இலங்கை மலையகத்தில் குடியை விட நினைப்பவர்களுக்கு: கூட்டம் தேடிப் போவது எப்படி?

குடியை விட்டவர்களும் விட முயல்பவர்களும் வாராவாரம் கூடி மனம்விட்டுப் பேசும் கூட்டங்கள் உண்டு. 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, இவற்றில் அதிகம் பரவியது. சந்தா கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. மதம், சாதி, தொழிற்சங்கம் எதையும் கேட்பதில்லை. நாலு பக்கமும் குடிக்கிறவர்கள் இருக்கும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) தனியாக முயல்பவர், பெரும்பாலும் அடுத்த சம்பள நாளிலேயே சறுக்கிவிடுகிறார். அவருக்குக் குறைவது வைராக்கியம் அல்ல, துணை.

படி 1: முதலில் ஆஸ்பத்திரி

இதைத் தாண்டிப் போகவே வேண்டாம். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2ஆம் நாளுக்கும் 4ஆம் நாளுக்கும் இடையில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது, பிதற்றுவது, காய்ச்சல் என்று முற்றலாம். காலையில் கை நடுங்கி, ஒரு மடக்கு உள்ளே போனதும் நடுக்கம் அடங்குகிறதா? அப்படியானால் வீட்டில் வைத்து நிறுத்திப் பார்க்காதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், சாராயமோ கசிப்போ, ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்கு என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டுப் பாதியாகக் குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவும் தப்பிப்போகும். வலிப்பு வந்தால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

படி 2: விசாரியுங்கள்

ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவில் கேட்பதுதான் சுருக்கமான வழி. அங்கே இருப்பவர்களுக்கு அக்கம்பக்கத்தில் நடப்பது தெரிந்திருக்கும். நேரில் போகத் தயக்கமென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு இரவானாலும் அழைக்கலாம். பேச்சு வரவில்லையா, இப்படித் தொடங்குங்கள்: “வணக்கம் மிஸ், நான் தோட்டத்தில இருந்து பேசுறேன். குடியை நிப்பாட்டணும். எங்க பக்கத்துல தமிழ்ல கூட்டம் ஏதும் நடக்குதா?” பெயர் சொல்லத் தேவையில்லை.

ஏஏ அமைப்பின் இணையதளத்திலும் மீட்டிங் கைட் என்ற இலவச செயலியிலும் தேடலாம். ஆனால் அதில் இருப்பதை நம்பி நேரே பஸ் ஏறாதீர்கள். நடத்துபவர் ஊர் மாறிப்போனால் கூட்டம் நின்றுவிடும். பட்டியலில் மட்டும் பழையபடி கிடக்கும். அழைத்து, இந்த வாரம் நடக்கிறதா, எந்த மொழியில் பேசுவார்கள், திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்று கேளுங்கள். திறந்த கூட்டத்துக்கு மனைவியையோ அண்ணனையோ கூட்டிப் போகலாம். மூடியது குடிப்பிரச்சினை உள்ளவருக்கு மட்டும்.

படி 3: திரும்பி வரும் பஸ்ஸைப் பாருங்கள்

மலையகத்தில் பலரைத் தடுப்பது இதுதான். கூட்டங்கள் நகரங்களில், அதுவும் பெரும்பாலும் மாலையில் நடக்கும். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகும் கடைசி பஸ் அதற்காகக் காத்திருக்காது. ஒருமுறை கஷ்டப்பட்டுப் போய், இருட்டில் ஆட்டோவுக்குக் காசு கொடுத்து வந்தவர் மறுவாரம் போகமாட்டார். தூரத்து நகரத்தில் நடக்கும் பெரிய கூட்டத்தைவிட, வாராவாரம் போய்த் திரும்பக்கூடிய பக்கத்து நகரக் கூட்டமே மேல், அங்கே நாலு பேர்தான் வந்தாலும்.

எதுவும் எட்டவில்லையென்றால் ஆன்லைன் கூட்டம் தேடுங்கள். ஏஏயின் இணையவழிக் கூட்டப் பட்டியலில் மொழிவாரியாகத் தேட முடியும். தமிழ்நாட்டுக் கூட்டமென்றால் இன்னும் வசதி: அங்கும் இங்கும் ஒரே மணி. லயத்துச் சுவரில் காதுவைத்தால் அடுத்த காம்பராவில் பேசுவது கேட்கும். அதனால் இயர்போன் கட்டாயம். வீடியோவை நிறுத்தி, பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டுக்கொள்ளலாம். சிக்னல் நிற்கும் இடத்தை முதல்நாளே பார்த்துவையுங்கள்.

படி 4: உள்ளே போனபின்

ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஒவ்வொருவராகத் தன் பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்குவார்கள். உங்கள் முறை வரும்போது “இன்னைக்குக் கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்றால் போதும், யாரும் வற்புறுத்தமாட்டார்கள். காசுப் பெட்டி சுற்றி வரும். புதியவர் போடத் தேவையில்லை. கிளம்பும் முன் ஒருவரிடமாவது போன் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுகிறார்கள் பலர். வாரத்தில் மிச்சம் ஆறு நாளும் தாகம் எடுக்கும் நேரத்தில் அழைக்க அந்த நம்பர்தான் இருக்கும். முதல் கூட்டம் பிடிக்கவில்லையென்றால் வேறொன்றுக்கும் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டார் காத்திருக்க வேண்டியதில்லை. குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன.

படி 5: இல்லையென்றால் தொடங்குங்கள்

குடியை விட விரும்பும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே ஏஏ குழு என்று சொல்லிக்கொள்ளலாம். வாசிகசாலையோ முன்பள்ளியோ கேளுங்கள். தொழிற்சங்கக் காரியாலயம் வேண்டாம், மற்றச் சங்கத்துக்காரர் வரமாட்டார். பேசியது அந்த அறையைத் தாண்டக்கூடாது என்பதை ஒவ்வொரு வாரமும் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். தோட்டத்தில் ஒரு பேச்சு வெளியே போனால் குழுவே கலைந்துவிடும். கிழமையும் மணியும் மாறக்கூடாது. சம்பளத்தன்று மட்டும் கூடுதலாக ஒரு கூட்டம் வையுங்கள், ஆட்கள் காசோடு கடைப்பக்கம் இறங்கும் அதே நேரத்துக்கு.