வால்வு ஆம்ப்ளிஃபையரும் 250 வோல்ட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

220 வோல்ட்டுக்கென்று 1950களில் செய்த வால்வு ஆம்ப்ளிஃபையரை இன்றைய வீட்டு மின்சாரத்தில் செருகினால், பெயருக்கு 230 என்றாலும் இரவில் 245, 250 வரை ஏறிவிடும் அந்த அழுத்தம், உள்ளே இருக்கும் எல்லா அழுத்தங்களையும் அதே விகிதத்தில் உயர்த்திவிடும். வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் இழைக்கு 6.3 வோல்ட் போதும், ஆனால் ஏறத்தாழ 7.2 கிடைக்கும்; எச்.டி.யும், அதாவது வால்வுகளின் ஆனோடுக்குப் போகும் உயர் டி.சி. அழுத்தமும், 13 சதவீதத்துக்கு மேல் கூடும். ஈரக் கையோடு சேசிஸைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்து அலுத்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பகலில் மட்டும் அளப்பது

இரவு பதினொரு மணிக்கு மேல் ஒருமுறை அளந்து பாருங்கள்.

செலக்டரைக் கவனிக்காமல் விடுவது

பல பிலிப்ஸ் வால்வு ரேடியோக்களின் பின்புறம், மெயின்ஸ் அழுத்தத்துக்கேற்ப மாற்றும் செலக்டரில் 220, 245 என்று தனித்தனி இடங்கள் உண்டு. 245க்கு மாற்றினாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

ரெக்டிஃபையர் வால்வுக்குப் பதில் டயோடு

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையரான ஈஇசெட் 81 வால்வு போய்விட்டால், புதியது வாங்கும் செலவுக்கு அஞ்சி, சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கும் 1என் 4007 டயோடு இரண்டைச் சாக்கெட்டின் அடியில் பற்றவைத்துவிடுகிறார்கள். பாட்டு உடனே வரும், ஓசையும் சற்றுக் கூடுதலாகக் கேட்கும், ஆகவே செய்தவருக்குப் பெருமை பிடிபடாது.

அந்த வால்வோ தன்னுள் ஏறத்தாழ இருபது வோல்ட்டை இழந்து எச்.டி.யைக் கட்டுக்குள் வைத்திருந்தது. தானும் மெல்லச் சூடேறி, மற்ற வால்வுகள் மின்னோட்டம் இழுக்கத் தயாராகும் வரை அதைத் தாமதப்படுத்தியும் வந்தது. டயோடு, சுவிட்சைப் போட்ட கணமே முழு அழுத்தத்தையும் தந்துவிடும். 220 வோல்ட்டில் 300 தரும் மின்மாற்றிச் சுற்று 250 வோல்ட்டில் 341 தரும்; வால்வுகள் சூடேறாத அந்தச் சில நொடிகளில் ஃபில்டர் கெப்பாசிட்டர் அதன் உச்ச மதிப்பான 482 வோல்ட் வரை ஏறும். அதன்மேல் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் 450தான்.

கல்லூரி மாணவர் ஒருவர் கொண்டுவந்த ஆம்ப்ளிஃபையரில் இதுவே நடந்திருந்தது. ஸ்பீக்கரை இயக்கும் ஈஎல் 84 வால்வுகளின் ஆனோடுத் தகடு சிவந்து எரிந்ததை, வால்வு என்றால் இப்படித்தான் ஒளிரும் போலும் என்று அறை விளக்கை அணைத்துவிட்டு ரசித்திருக்கிறார். பிறகு கெப்பாசிட்டர் ஷார்ட்டாகி, 1 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ போட்டிருந்த 5 ஆம்பியர் ஃபியூஸ் அசையாமல் இருக்க, மின்மாற்றியின் எச்.டி. சுற்று கருகிவிட்டது. மூடியைக் கழற்றியபோது வார்னிஷ் தார்போல் உருகி, லேமினேஷன் இடுக்குகளில் வழிந்து உறைந்திருந்தது. காயில் கட்டுபவர் கேட்ட கூலிக்கு ஈஇசெட் 81 பல வாங்கியிருக்கலாம். டயோடு போட்டே தீர வேண்டுமென்றால், வால்வு இழந்த அளவுக்கு ஈடாகத் தொடரில் தகுந்த வாட்டேஜ் ரெசிஸ்டரை வைத்து, கெப்பாசிட்டர்களையும் 500 வோல்ட் தாங்குபவையாக மாற்றுங்கள்.

எச்.டி.யை மட்டும் ரெசிஸ்டரால் குறைப்பது

ஹீட்டர் அதே 7.2 வோல்ட்டில்தான் வெந்துகொண்டிருக்கும்.

லைட் டிம்மரை நடுவில் வைப்பது

டிம்மர் அலையின் முன்பகுதியை வெட்டுகிறதே தவிர, இருபது முப்பது வோல்ட் குறைக்கும் அளவில் அதன் உச்சியைத் தொடுவதில்லை. ஹீட்டர் தணியும், ஆனால் அலையின் உச்சியைப் பொறுத்து அமையும் எச்.டி. ஏறக்குறைய அப்படியே நிற்கும். கூடவே ஸ்பீக்கரில் இரைச்சலும் கேட்கும்.

பக் மின்மாற்றியைத் தலைகீழாக இணைப்பது

சரியான வழி மெயின்ஸ் நுழையும் இடத்திலேயே அழுத்தத்தைக் குறைப்பதுதான். 230க்கு 24 வோல்ட், 2 ஆம்பியர் மின்மாற்றியின் செகண்டரியை எதிர்த் திசையில் தொடரில் கோத்தால் (இதுவே பக் மின்மாற்றி), 250 வோல்ட் ஏறத்தாழ 224 ஆகிவிடும். சாதாரண வீட்டு ஆம்ப்ளிஃபையர் ஒன்றுக்கு அந்த 2 ஆம்பியர் தாராளமாகப் போதும். செகண்டரியின் இரு முனைகள் இடம் மாறிவிட்டாலோ அதே 250 வோல்ட் 276 ஆகும். ஆகவே ஆம்ப்ளிஃபையரைச் செருகுவதற்கு முன் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டி, மீட்டரில் அளந்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மேலே 24 வோல்ட் என்று எழுதியிருக்கிறதே என்று அந்தக் கம்பிகளைத் தொட்டுவிடக் கூடாது. இந்த இணைப்பில் அவற்றில் மெயின்ஸ் அழுத்தம் இருக்கும் என்பதால், ஃபியூஸோடு சேர்த்து எல்லாவற்றையும் மூடிய பெட்டிக்குள் வையுங்கள்.