தறிக்கூடத்தில் கோபம் ஏறினால் முதலில் உடம்பை ஆற்றுங்கள்

பாவு பீமை (நெசவு நூல் சுற்றிய கனமான உருளை) தூக்கி வைத்து மூச்சிரைக்க நிற்கிறவரிடம் கூலிக் கணக்கைப் பேசாதீர்கள். வேலையால் வந்த படபடப்பை மனசு உங்கள் பேச்சின் மேல் ஏற்றிவிடும். உளவியல் ஆய்வாளர் டால்ஃப் ஸில்மன் 1970களிலேயே சைக்கிள் மிதிக்க வைத்து இதைச் சோதித்தார்: முன்பே சீண்டப்பட்டவர்கள், மிதித்தபின் இன்னும் கடுமையாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

"வெளிய வந்து உக்காருங்கண்ணா, கணக்கு அப்புறம் பாத்துக்கலாங்க" என்று சத்தத்திலிருந்து பிரித்துக் கூட்டிப் போங்கள். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடச் சொல்லுங்கள், ஐந்து நிமிஷம். பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 30 வினாடி நாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். அவருடைய வழக்கமான எண்ணுக்கு இறங்கட்டும்.

பெரும்பாலும் தவறுவது இங்கேதான். மூச்சு சீரானதும் "ஆறிடுச்சு" என்பார்; உள்ளே மிச்சம் இருக்கும். இன்னொரு பத்து நிமிஷம் பொறுங்கள். மூட்டையைக் குத்தியோ ஓடியோ ஆத்திரத்தைத் தீர்க்கச் சொல்வது வீண். 154 ஆய்வுகளைத் திரட்டிய 2024 அலசலில் துடிப்பை இறக்கும் பயிற்சிகளே கோபத்தைக் குறைத்தன.

படபடப்பே இல்லாமல் நிதானமாகக் கெடுதல் செய்கிறவருக்கு இது உதவாது. ஓய்வு நாடி குறைவாக இருப்பதற்கும் சமூகவிரோத நடத்தைக்கும் தொடர்பு உண்டென்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.