கணினி முடங்குமுன் மீட்பு பென் டிரைவைத் தயாரித்து வைத்தல்

2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பு ஒன்றால், மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றுபோயின. நீக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு கோப்புதான். ஆயினும் விண்டோஸ் திறக்காததால் அதை நீக்கும் வழி தெரியாமல் பலர் திகைத்தனர். கணினி நன்றாக இயங்கும்போதே, தனியாகத் தொடங்கவல்ல ஒரு பென் டிரைவைத் தயாரித்து வைப்பது இத்தகைய வேளைக்காகத்தான்.

விண்டோஸ் 10, 11 ஆகிய இரண்டிலும் இதற்கான கருவி உள்ளேயே இருக்கிறது. பென் டிரைவ் குறைந்தது 16 ஜிபி இருக்க வேண்டும். 32 ஜிபி இருந்தால் இடப் பற்றாக்குறை வராது. அதில் இருப்பவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், முதலில் அவற்றை வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். பின்னர் தேடல் பெட்டியில் ‘ரெக்கவரி டிரைவ்’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, வரும் கருவியைத் திறந்து, கணினியின் அமைப்புக் கோப்புகளையும் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கட்டத்தில் டிக் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, பென் டிரைவைத் தேர்ந்தெடுத்து ‘கிரியேட்’ பொத்தானை அழுத்துங்கள். அந்த டிக் இல்லாவிட்டால் பழுதுநீக்கும் கருவிகள் மட்டுமே பதிவாகும். விண்டோஸை மீண்டும் நிறுவ அந்த டிரைவ் உதவாது. கோப்புகளை நகலெடுக்க நெடுநேரம் ஆகலாம், ஆகவே மடிக்கணினியைச் சார்ஜரில் இணைத்தே வைத்திருங்கள்.

இந்தக் கருவி பிழை காட்டி நின்றுவிட்டால் அதனோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ‘மீடியா கிரியேஷன் டூல்’ என்னும் இலவசக் கருவியைப் பதிவிறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் நிறுவல் ஊடகத்தை உருவாக்கிக்கொள்ளலாம். அதிலுள்ள ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’ (புதிய பதிப்புகளில் ‘ரிப்பேர் மை பிசி’) என்னும் தெரிவு ஏறக்குறைய அதே பழுதுநீக்கும் கருவிகளுக்கே அழைத்துச் செல்லும். இதை வேறொரு கணினியிலும் தயாரிக்கலாம் என்பதால், ஏற்கெனவே முடங்கிப்போனவர்களுக்கும் இது கைகொடுக்கும்.

பென் டிரைவ் தயாரானதும் பலர் அதை மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள்; என் பார்வையில், அதிலிருந்து கணினியை ஒருமுறை தொடங்கிப் பார்க்காதவரை வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. கணினியை இயக்கியதும், எந்த டிரைவிலிருந்து தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலான பூட் மெனுவுக்குரிய விசையை அழுத்த வேண்டும்: டெல், லெனோவோ கணினிகள் பெரும்பாலானவற்றில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. விசைப்பலகை மொழியைத் தேர்ந்தெடுத்தபின் ‘டிரபிள்ஷூட்’ என்னும் பகுதி தெரிந்தால் போதும், அங்கிருந்தே கணினியை அணைத்துவிடுங்கள். சோதனையின்போது ‘ரெக்கவர் ஃப்ரம் எ டிரைவ்’ என்பதைத் தொடவே கூடாது. அது விண்டோஸைப் புதிதாக நிறுவி, உங்கள் கோப்புகளை அழித்துவிடும்.

கிரவுட்ஸ்ட்ரைக் முடக்கத்தின்போது பல அலுவலகங்களைத் தாமதப்படுத்தியது பிட்லாக்கர் குறியாக்கம், அதாவது சாவியில்லாமல் யாரும் படிக்க முடியாதபடி வட்டிலுள்ளவற்றைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. பிட்லாக்கரை நீங்களாக இயக்கியிருக்காவிட்டாலும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே பல கணினிகளில் வட்டுக் குறியாக்கம் தானாகவே தொடங்கிவிடுகிறது. அப்படியானால் மீட்பு பென் டிரைவிலிருந்து வட்டைத் திறக்க 48 இலக்கச் சாவி கேட்கப்படும். வீட்டுக் கணினியின் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அலுவலகக் கணினியானால் கணினிப் பிரிவினரிடம் கேட்க வேண்டும். சாவியைத் தாளில் அச்சிட்டு, அதோடு காட்டப்படும் அடையாள எண்ணையும் சேர்த்து எழுதி வையுங்கள், ஏனெனில் வீட்டில் இரண்டு மூன்று கணினிகள் இருந்தால் எந்தச் சாவி எதற்கு என்பது அந்த எண்ணால்தான் தெரியும். மடிக்கணினிப் பைக்குள் இந்தத் தாளை வைக்காதீர்கள்; பை திருடுபோனால் குறியாக்கத்துக்கே பொருளில்லாமல் போகும்.

மீட்பு பென் டிரைவில் உங்கள் படங்களோ ஆவணங்களோ சேர்வதில்லை; அவற்றுக்கு வெளி ஹார்டு டிஸ்க்கில் தனி பேக்கப் வேண்டும். விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மாறும்போதும், மாறாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறையும், மீட்பு டிரைவைப் புதிதாக உருவாக்கி, தயாரித்த தேதியை அதன்மேல் ஒட்டி வையுங்கள்.