டைல்ஸ் கடை ரேக்: காலியாகப் பார்த்து ஏமாறாதீர்கள்

டைல்ஸ் ஷோரூம் போடுகிறவர்கள் ஏசி, சீலிங், பெயர்ப்பலகை எல்லாம் முடித்துவிட்டு மிச்சமிருக்கும் காசில்தான் சாம்பிள் டைல்களை மாட்டிக் காட்டும் ரேக் பக்கம் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். காலி ரேக்கை இழுத்துப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி ஓடியது, அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

எடையை யாரும் கணக்குப் போடுவதில்லை. 2 அடிக்கு 2 அடி டைல் ஒன்று சுமார் 8 கிலோ. இப்போது எல்லோரும் கேட்கிற 2க்கு 4, 9 மி.மீ. கனத்தில் ஏறக்குறைய 15 கிலோ வரும், 800க்கு 1600 மி.மீ. என்றால் 27 கிலோவை எட்டும். இழுக்கும் ரேக்கில் டைல் மாட்டும் பிரேம்தான் பேனல்; 20 பேனலில் ஒவ்வொன்றிலும் ஒரு 2க்கு 4 மாட்டினால் டைல் மட்டுமே 300 கிலோ, பிரேம் எடை தனி. என் ரேக்கில் ஆறே மாதத்தில் பேனல் ஓடும் மேல் சேனல் நடுவில் தொய்ந்து, பேனல் பாதி வழியில் நின்றது. வாடிக்கையாளர் ஒருமுறை இழுப்பார், மறுமுறை இழுப்பார், அப்புறம் அந்த டிசைனைப் பார்க்காமலே நகர்ந்துவிடுவார். அதனால் நீங்கள் விற்கப்போகும் பெரிய சைஸ் டைலையே எடுத்துப்போய் மாட்டி, ஒரு கையால் இருபது தடவை இழுத்துப் பாருங்கள்.

இடத்தை அளக்கும்போதும் மூடிய ரேக்கைத்தான் அளக்கிறோம். 4 அடி பேனல் முழுசாக வெளியே வந்தபின் எதிரே கணவன், மனைவி, கூடவே கொத்தனார் என்று மூன்று பேர் நிற்க வேண்டாமா?

புத்தகம் மாதிரி புரட்டுகிற ஸ்டாண்டில் ஆபத்தே இருக்கிறது. எல்லாப் பேனலையும் ஒரே பக்கமாகத் தள்ளினால் பாரமும் அந்தப் பக்கமே சாயும். ஸ்டாண்டைத் தரையோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட் தரை டைலோடு நின்றால் போதாது, கீழே கான்கிரீட்டில் இறங்க வேண்டும். வெறும் மண் நிரப்பிய தரை என்றால் இந்த வகையே வேண்டாம்.

சாம்பிளை சிலிக்கான் போட்டு ஒட்டிவிடாதீர்கள். குஜராத்தில் டைல்ஸ் தயாராகும் மோர்பியிலிருந்து வரும் டிசைன்கள் சீக்கிரம் மாறும், கிளிப் இருந்தால் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். பளபள டைலுக்கு நேர் எதிரே லைட் வைத்தால் டிசைன் தெரியாது, பல்புதான் தெரியும்.

உள்ளூர் வெல்டிங் பட்டறை ரேக்கை மட்டமாக நினைக்க வேண்டாம்; பேரிங் போனால் மறுநாளே ஆள் வருவார். வெளியூரில் வாங்கினால் பத்துப் பேரிங்காவது கூடவே வாங்கி வையுங்கள்.