மேற்கு நாடுகளில் பிறப்பு குறைவதை விளக்கி எழுதுவது எப்படி

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் விவாத மேடைகளிலும் உயர்தர மாணவரின் புவியியல் கட்டுரைகளிலும், மேற்கு நாடுகளில் பிள்ளைகள் குறைவது ஏன் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: பெண்கள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த ஒற்றை வசனத்தைத் தாண்டி, காரணங்களைப் பிரித்துச் சோதித்து எழுத விரும்புவோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதலில் அளவையைத் தீர்மானியுங்கள். ஆயிரம் பேருக்கு எத்தனை பிறப்பு என்னும் கணக்கு, முதியோர் பெருகிய நாட்டில் தானாகவே தாழ்ந்துவிடும். ஆகவே ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை பிள்ளைகளைப் பெறுவாள் என்று மதிப்பிடும் மொத்தக் கருவள வீதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குடிவரவு இல்லாமல் ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுசெய்ய இவ்வீதம் ஏறத்தாழ 2.1 ஆக இருக்க வேண்டும். 2024 இல் அது இத்தாலியில் 1.18, கனடாவில் 1.25, ஜேர்மனியில் 1.35, பிரான்சில் 1.62. எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டையும் கட்டாயம் எழுதுங்கள். 2010 இல் பிரான்சின் வீதம் இரண்டுக்குச் சற்று மேலே இருந்ததால், பழைய நூலை நம்பி எழுதுபவர் இன்றும் அந்நாட்டை விதிவிலக்காகக் காட்டிவிடுவார்.

அடுத்து, இரண்டு வீழ்ச்சிகளையும் ஒன்றோடொன்று குழப்பாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில், பிரான்சில் இன்னும் முன்னதாகவே, தொடங்கிய முதல் வீழ்ச்சிக்குச் சிசு மரணம் குறைந்ததும், வேலைக்குப் போன பிள்ளை பாடசாலைக்குப் போகத் தொடங்கியதும் முக்கிய காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறப்புகள் பெருகி, 1960களின் நடுப்பகுதியிலிருந்து மீண்டும் சரிந்தன. 1960 இல் அமெரிக்காவில் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்ததும், 1967 இல் பிரான்ஸ் கருத்தடையைச் சட்டபூர்வமாக்கியதும் இந்த இரண்டாம் வீழ்ச்சியின் கதைக்கு உரியவை. இன்றைய இத்தாலியின் நிலைக்குச் சிசு மரணக் குறைவைக் காரணமாக எழுதுவது, விடைத்தாள்களில் அடிக்கடி காணப்படும் தவறு.

காரணங்களுக்குள் போகுமுன் தள்ளிப்போடுதலை விளக்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் முதற்பிள்ளை பெறும் தாயின் சராசரி வயது 2023 இல் 29.8, இத்தாலியில் அது 32ஐ நெருங்குகிறது. எல்லோரும் சில ஆண்டுகள் பிந்திப் பெறத் தொடங்கினால், இறுதியில் பெறும் தொகை மாறாவிட்டாலும் அந்த ஆண்டுகளில் வீதம் விழும். ஆனால் பிந்தியவர்களில் ஒரு பகுதியினர் விரும்பிய இரண்டாவது பிள்ளையைப் பெறாமலே நின்றுவிடுகின்றனர். எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்று கேட்டால் ஐரோப்பியர் பலர் இன்றும் இரண்டு என்றே சொல்கின்றனர். விருப்பத்துக்கும் நடப்புக்கும் இடையிலுள்ள இந்த வெளியைத்தான் உங்கள் கட்டுரை விளக்க வேண்டும்.

பொருளாதாரக் காரணங்களுக்குக் கூடிய இடம் கொடுங்கள். எங்கள் ஊரில் சீதன வீடோ பெற்றோரின் வளவில் ஒரு பங்கோ கிடைக்கும் தம்பதிக்கு இருப்பிடம் முதற் கவலையாக இருப்பதில்லை. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இளைஞர் சராசரியாக முப்பது வயதளவில்தான் பெற்றோர் வீட்டை விட்டு வெளியேறுகின்றனர். வாடகையும் குறுங்கால வேலை ஒப்பந்தங்களும் அவர்களைப் பிடித்து வைத்திருக்கின்றன. நிச்சயமின்மை எவ்வளவு வலியது என்பதற்கு முன்னாள் கிழக்கு ஜேர்மனியைக் காட்டுங்கள்: பேர்லின் மதில் விழுந்து, தொழிற்சாலைகள் மூடப்பட்டு, பழைய உறுதிகள் எல்லாம் கலைந்தபோது, 1994 இல் அங்கே வீதம் 0.8க்கும் கீழே இறங்கியது.

பிள்ளை பராமரிப்புச் செலவை விளக்குவதற்கு எங்களிடம் ஓர் உதாரணம் கையிலேயே இருக்கிறது. கனடாவின் ஸ்காபரோவில் மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்றால், பத்தியச் சரக்குத் தூளும் மிளகாய்த்தூளும் கட்டிக்கொண்டு இங்கிருந்து அம்மம்மா விசா எடுத்துப் போகிறார். தாய்க்குச் சரக்குக் கறி வைப்பது, பிள்ளையைக் குளிக்க வார்ப்பது, இரவில் ஏணை ஆட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் திரும்பி வந்த பின்பு அதே வேலைக்கு மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். அப்படி வரக்கூடிய அம்மம்மா ஒருவர் இல்லாத குடும்பங்களோ அங்கே ஏராளம். அந்நாட்டின் கியூபெக் மாகாணம் 1997 இல் நாளொன்றுக்கு ஐந்து டொலர் கட்டணத்தில் பராமரிப்பு நிலையங்களைத் தொடங்கியதன் பின்னணியைப் புரிந்துகொள்ள இது உதவும்.

இப்போது பெண்களின் வேலை என்ற பழைய பதிலைச் சோதியுங்கள். அதுவே முழுக் காரணமானால், பெண்கள் மிகுதியாக வேலைக்குப் போகும் சுவீடனில் வீதம் மிகத் தாழ்ந்தும், குறைவாகப் போகும் இத்தாலியில் உயர்ந்தும் இருக்க வேண்டும். 1980களின் பின்பகுதியிலிருந்து நிலைமை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. வேலையையும் தாய்மையையும் ஒன்றாகக் கொண்டுசெல்ல முடியாத இடத்தில்தான், வீட்டுவேலையில் கணவன் கை வைக்காத இடத்தில்தான், பிள்ளை கைவிடப்படுகிறது என்று எழுதுவதே பொருத்தம். ஆனால் அதோடு நிறுத்தினாலும் குறை உண்டு: குடும்ப ஆதரவில் முன்னிற்கும் பின்லாந்திலேயே வீதம் 2010 இல் 1.87 ஆக இருந்து 2023 இல் 1.26 ஆகியது. இந்த எதிர்ச்சான்றை மறைக்காதீர்கள்.

சமயப் பற்றுக் குறைந்தது, திருமணம் கட்டாயமற்றதானது ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பிரான்சில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் திருமணத்துக்கு வெளியே பிறப்பதால், திருமணக் குறைவு மட்டும் எதையும் விளக்கிவிடாது. எல்லாவற்றையும் புலம்பலாக எழுதவும் வேண்டாம். அமெரிக்காவில் 15 முதல் 19 வயது வரையான ஆயிரம் பெண்களுக்கு 2007 இல் 41.5 ஆக இருந்த பிறப்புகள் 2023 இல் 13 அளவுக்கு இறங்கியதை யாரும் குறையாகச் சொல்லமாட்டார்கள். பாரிசிலுள்ள சித்தப்பாவுக்கு மூன்று பிள்ளைகள் என்பதையும் சான்றாக வைக்காதீர்கள். குடியேறியோரின் அடுத்த தலைமுறை பெரும்பாலும் அந்நாட்டின் வீதத்தையே நெருங்குகிறது.

அரசு பணம் கொடுத்தால் சரியாகுமா என்ற பகுதிக்கு ஹங்கேரி போதுமானது. 2011 இல் 1.23 ஆக இருந்த வீதம், வரிச் சலுகைகளும் வீட்டுக் கடன்களும் வந்த காலத்தில் 2021 இல் 1.6 அளவுக்கு ஏறி, 2024 இல் 1.4க்குக் கீழே வந்துவிட்டது. தம்பதியர் கூடுதலாகப் பெற்றார்களா, பெறவிருந்ததைச் சலுகைக்காக முன்கூட்டிப் பெற்றார்களா என்ற கேள்வியை இங்கே எழுப்பி, அந்தத் தலைமுறைப் பெண்கள் நாற்பத்தைந்து வயதைக் கடந்த பின்னரே விடை உறுதிப்படும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.