எம்.எல்.ஏ., எம்.பி. ஆபீஸ் வேலைக்குச் சம்பளம் பேசுவது எப்படி?

வேலூர், காட்பாடி பக்கம் டிகிரி முடித்த பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, எம்.எல்.ஏ. ஆபீஸில் கூப்பிடுகிறார்கள், எவ்வளவு கேட்கலாம்?" இரண்டு வகை அலுவலகத்திலும் மனு வாங்கி, கடிதம் அடித்து, போன் எடுத்து வேலை பார்த்தவள் நான். எவ்வளவு என்பது அப்புறம். சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது என்பதை முதலில் கேளுங்கள்.

எம்.பி. அலுவலகம் என்றால் கணக்கு தெளிவாக இருக்கிறது. எம்.பி.க்கு மாதாமாதம் அலுவலகச் செலவுப் படி உண்டு. 2010-ல் அது 45,000 ரூபாய். அதில் 30,000 உதவியாளர் சம்பளத்துக்கு. 2018-ல் 60,000 ஆனது, உதவியாளர் பங்கு 40,000. 2025-ல் 75,000, உதவியாளருக்கு 50,000. மீதி பேப்பர், தபால் செலவுக்கு. உதவியாளர் பங்கு எம்.பி. கைக்குப் போவதில்லை. அவர் பேர் எழுதிக் கொடுக்கும் ஆளுக்கு நாடாளுமன்றச் செயலகமே நேரடியாகத் தருகிறது. அப்படிப் பேர் கொடுக்கப்பட்டவர்களில் ஒருவராவது கம்ப்யூட்டர் தெரிந்தவராக இருக்க வேண்டும், அதற்கு எம்.பி. சான்று தர வேண்டும்.

எனவே எம்.பி. ஆபீஸில் பேசும்போது, "செயலகத்துக்கு என் பேர் போகுமா, மொத்தம் எத்தனை ஆட்களின் பேர் போகிறது?" என்று தயங்காமல் கேளுங்கள். 50,000 என்பது உச்சவரம்பு. டெல்லியில் ஒருவர், வேலூரில் ஒருவர் என்றால் அதைத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். உங்கள் பேர் போகவில்லை என்றால் சம்பளம் எம்.பி.யின் சொந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று அர்த்தம். அவருக்குத் தொகுதிப் படி தனியாக இருக்கிறது, 2025 திருத்தப்படி 87,000. அதிலிருந்து கொடுங்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை.

எம்.எல்.ஏ. அலுவலகத்தில் இந்த வசதி கிடையாது. 2017 ஜூலையில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்களின் மாத ஊதியமும் படிகளும் சேர்த்து 55,000-லிருந்து 1,05,000 ஆனது. சம்பளம் 30,000, தொகுதிப் படி 25,000, வாகனப் படி 25,000, அப்புறம் ஈட்டுப்படி, போன், தபால் என்று பிரித்திருந்தார்கள். அதில் உதவியாளருக்கு என்று ஒரு வரிகூட இல்லை. உதவியாளருக்கு எவ்வளவு என்பது முழுக்க அந்த எம்.எல்.ஏ.வின் மனசு. அதனால்தான் பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகளில் ஒரே வேலைக்கு வேறு வேறு சம்பளம். தொகுதி மேம்பாட்டு நிதி கோடிக்கணக்கில் வருகிறதே என்று சிலர் நினைக்கிறார்கள். அது சாலைக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் உள்ள பணம், அதிலிருந்து ஆபீஸ் சம்பளம் கொடுக்க முடியாது.

விதி இல்லாத இடத்தில் வேலையைக் காட்டித்தான் பேச வேண்டும். வேலூரில் அதற்குக் குறைவில்லை. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வடநாட்டு நோயாளிகள் காட்பாடியில் ரயில் டிக்கெட் கிடைக்காமல் எம்.பி. ஆபீஸ் வாசலுக்கு வருவார்கள். அவசரத் தேவைக்கு ரயில்வே ஒதுக்கி வைக்கும் இடத்தைக் கேட்கும் அவசர ஒதுக்கீட்டுக் கடிதத்தில் டிக்கெட்டின் பி.என்.ஆர். எண், ரயில் எண், தேதி, வகுப்பு எல்லாம் பிழையில்லாமல் அடித்து, முதல் நாளே ரயில்வே அலுவலகத்துக்குச் சேர்க்க வேண்டும். ஒரு எண் மாறினால் அறுவை சிகிச்சை முடிந்த ஆள் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பார். சிகிச்சைச் செலவுக்கு உதவி கேட்டு, பிரதமர் நிவாரண நிதிக்கு மருத்துவமனையின் செலவு மதிப்பீடு, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று சேர்த்துக் கடிதம் தயாரிப்பதும் இந்த மேசையில்தான். இதற்கு இந்தி தெரிந்தவர் வேண்டும். ஆந்திர எல்லைக் கிராமங்களுக்குத் தெலுங்கு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் உருது. இதில் ஒன்று உங்களுக்கு வந்தால் முதலிலேயே சொல்லி, அதற்கென்று கூடுதலாகக் கேளுங்கள். எந்த ஊர் எந்தத் தொகுதி என்பதும் விரல்நுனியில் இருக்கட்டும். காட்பாடி வேலூர் மாவட்டம்தான், ஆனால் அரக்கோணம் மக்களவைத் தொகுதி. பாதி மனு இப்படித்தான் தப்பான வாசலுக்கு வருகிறது.

அடுத்தது, வேலை எத்தனை நாள் என்பது. 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலை ஏப்ரலில் ரத்து செய்து ஆகஸ்ட் 5-ல் நடத்தினார்கள். மற்ற ஊர்களில் மே மாதமே எம்.பி. வந்துவிட்டார், நமக்கு ஆகஸ்ட் வரை ஆளே இல்லை. உறுப்பினர் இல்லையென்றால் உதவியாளர் வேலையும் இல்லை. தேர்தல் தேதி அறிவித்ததும் எம்.எல்.ஏ. அலுவலகத்தைப் பூட்டி சீல் வைத்துவிடுவார்கள். அந்த மாதங்களுக்குச் சம்பளம் உண்டா? சேரும் அன்றே கேட்டு, எழுதி வாங்குங்கள். பயணச் செலவு, பெட்ரோல், போன் ரீசார்ஜ் சம்பளத்துக்குள்ளா வெளியேவா என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு இடத்தில் இருபது பேர் வேலை பார்த்தால்தான் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கட்டாயம், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வரப் பத்து பேர் வேண்டும். மூன்று நான்கு பேர் உள்ள ஆபீஸில் இரண்டும் வராது. எனவே கைக்கு வரும் தொகையை, பி.எஃப். உள்ள தனியார் வேலையின் தொகையோடு அப்படியே ஒப்பிடாதீர்கள். தபால் நிலையத்தில் பி.பி.எஃப். (நாமே கட்டும் பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு ஒன்று தொடங்கி, முதல் மாதத்திலிருந்தே கட்டி வாருங்கள்.

சம்பளத்தைக் கையில் வாங்காதீர்கள், வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். நாளைக்கு லோனுக்கும் அடுத்த வேலைக்கும் அந்தப் பாஸ்புக் வரிதான் ஆதாரம். அனுபவச் சான்றிதழைப் பதவிக்காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே, அவர் லெட்டர்பேடில், சேர்ந்த தேதியும் பார்த்த வேலையும் எழுதி, கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள்.